உம்மா சொல்லச் சொன்னது

நான் மலேசியாவுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் பத்தமடையில் எங்கள் தெருவே பட்டியல் போட்டது. தலைவலித் தைலம் நாலு பேர், பிஸ்கட் டப்பா ஒருத்தி, பூப்போட்ட கைலித் துணி ஒருத்தி. எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தேன். வாங்கி வரும் எண்ணமே எனக்கு இல்லை. கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகிறேனே தவிர சந்தைக்குப் போகவில்லை.

உம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு எண்பத்தொரு வயது. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துகொண்டிருந்தன. டயாலிசிஸ் வேண்டாம் என்று டாக்டரிடம் அவளே சொல்லிவிட்டாள். நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"உங்க வாப்பாட்ட போய்ச் சொல்லிட்டு வா ளா."

"என்னத்த?"

"நான் பொறுத்துட்டேன்னு."

வாப்பா இறந்து ஐம்பது வருஷம் ஆகிறது. அந்த ஐம்பது வருஷமும் இந்த ஒரு வார்த்தையை உம்மா வாயிலிருந்து வாங்க எத்தனையோ பேர் முயன்று தோற்றிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால், மையத்தை, அதாவது உடலை, வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் பெண்கள் இருக்கும் அறை வாசலில் வந்து நின்று மனைவியிடம் கேட்பார்: "அவர் உங்களுக்கு ஏதாவது குறை வச்சிருந்தா பொறுத்துக்கிட்டீங்களா?" உள்ளேயிருந்து "பொறுத்தேன்" என்று குரல் வரவேண்டும். அழுகையோடு வரும், முனகலாக வரும், சில வீடுகளில் பக்கத்தில் இருப்பவள் இடித்த பிறகு வரும். எப்படியாவது வந்துவிடும். அதன் பிறகுதான் தூக்குவார்கள். உம்மாவிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. வாப்பா மலாயாவில் இறந்து, அங்கேயே அடக்கமாகி, நாற்பது நாள் கழித்துத்தான் கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்று தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, "இப்பமாவது சொல்லிரு, அவருக்கு அங்க லேசாவும்" என்றார்கள். உம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் முகத்தைப் பார்த்துப் பயந்தேன். அழாத உம்மாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

காரணம் தெருவுக்கே தெரியும். வாப்பா மலாயாவில் பேராக் பக்கம் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். போர்னியோ தீவின் தெற்கிலிருந்து கப்பலேறி வந்த பஞ்சார் மக்கள் சதுப்பை வெட்டி, வாய்க்கால் தோண்டி, நெல் போட்டு உண்டாக்கிய கிராமம் அது. அங்கே ஒரு பஞ்சார் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டார் என்று, ஊருக்குத் திரும்பிய ஒருவர் உம்மாவிடமே வந்து சொன்னார். அதற்குப் பிறகு வாப்பா ஒரே ஒரு தடவைதான் ஊருக்கு வந்தார். எனக்கு அப்போது ஆறு வயது. ஒரு டார்ச் லைட் கொண்டுவந்தார். அதைப் போட்டுப் போட்டு அணைத்தது ஞாபகம் இருக்கிறது. அவர் முகம் ஞாபகம் இல்லை.

உம்மாவிடம் கேட்டேன். "இங்கன இருந்தே சொன்னா அல்லாவுக்குக் கேக்காதா?"

"அல்லாவுக்குக் கேக்கும். அவருக்குக் கேக்கணும்லா?" என்றாள். பிறகு, "வாயத் தொற. சோறு ஆறுது" என்று எனக்கு ஊட்டுகிற மாதிரி அவளே சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தாள். அவளுக்கு இந்தக் குசும்பு கடைசிவரை இருந்தது.

அந்தப் பழைய கடித உறையின் பின்பக்கத்தில் இருந்த வாய்க்கால் பெயரை வைத்து மகன் போனில் கிராமத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அங்கே ஒரு பழைய மரப் பள்ளிவாசல் இருப்பதாகவும், அதை ஒட்டித்தான் அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் என்றும் சொன்னான். அவனுக்கு லீவு இல்லை. தெரிந்த ஒரு தமிழ் டிரைவரோடு என்னை அனுப்பினான். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு. நான் பத்தமடை என்று சொன்ன உடனே, "பாய் கொண்டுவந்தீங்களாம்மா?" என்று கேட்டார். பாய்க்குப் பேர்போன ஊர், கடல் தாண்டினாலும் இந்தக் கேள்வி விடாது போலிருக்கிறது.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். கடைசி ஒரு மணி நேரம் வாய்க்கால், வயல், எண்ணெய்ப் பனை, மறுபடி வாய்க்கால். ராதாபுரம் தாலுகா ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். பனை என்றால் எனக்கு வறண்ட மண்ணில் ஒற்றைக்கு ஒற்றையாக நிற்க வேண்டும். இங்கே தண்ணீரில் ஊறி, குட்டையாக, இருட்டாக அடைத்துக்கொண்டு நின்றது. பார்க்கப் பார்க்க எனக்கு மூச்சு முட்டியது. இந்த ஈரத்துக்குள்ளேயா ஒரு மனுஷன் பெண்டாட்டி பிள்ளையை மறந்து உட்கார்ந்திருந்தான் என்று எரிச்சலாக வந்தது.

பள்ளிவாசல் வாய்க்கால் கரையில் இருந்தது. முழுக்க மரம். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கட்டைக் கால்களில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். இரண்டு அடுக்குக் கூரை. கூரையில் மட்டும் இப்போது தகரம். தாழ்வாரத்தில் ஒரு ஆள் உள்ளே புகுந்துகொள்ளலாம் போன்ற பெரிய முரசு தொங்கியது. ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால் அதை அடித்துத்தான் பாங்கு நேரத்தைத் தெரிவிப்பார்களாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏசி வைத்த புதுப் பள்ளிவாசல் வந்துவிட்டதால் இங்கே யாரும் வருவதில்லை. முற்றத்தில் பாசி. ஒரு பூனைகூட இல்லை.

இதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர்தான் இருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். டிரைவர் மலாயில் பேசி, நான் யார் மகள் என்று சொன்னதும் அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணோரம் சுருங்கச் சிரித்து நீளமாக ஏதோ சொன்னார்.

"சின்ன வயசுல உங்கப்பா கடைக்குத்தான் மிட்டாய் வாங்கப் போவாராம்மா. கை நிறைய அள்ளிக் குடுப்பாராம். பாட்டெல்லாம் பாடுவாராம்."

எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது. மறைப்பதற்கில்லை, பொறாமைதான். யாரோ ஒரு ஊர்க்கார மனுஷருக்கு என் வாப்பா பாடியது ஞாபகம் இருக்கிறது. எனக்கு டார்ச் லைட் ஞாபகம் இருக்கிறது.

உள்ளே போய்த் தொழுதுவிட்டு வரச் சொன்னார். நான் வாசலிலேயே தயங்கினேன். எங்கள் தெருப் பள்ளிவாசலுக்குள் பெண்கள் போவதில்லை. பிறந்ததிலிருந்து அதன் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறேன், உள்பக்கம் என்ன நிறம் என்று தெரியாது. பெரியவருக்கு என் தயக்கம் விளங்கவில்லை. இதில் என்ன இருக்கிறது என்பது போலக் கையைக் காட்டினார். உள்ளே பின்பக்கம் ஒரு திரை. திரைக்குப் பின்னால் கொக்கியில் பெண்கள் தொழும்போது போர்த்திக்கொள்ளும் வெள்ளை உடுப்பு தொங்கியது. பழுப்பேறிப் போயிருந்தது.

அறுபத்திரண்டு வயதில் முதன்முதலாக ஒரு பள்ளிவாசலுக்குள் நின்று இரண்டு ரக்அத் தொழுதேன். பலகைத் தரை வழவழவென்று கறுத்திருந்தது. பலகை இடுக்கு வழியாகக் கீழேயிருந்து ஈரக்காற்று காலில் பட்டது. நடுவில் எட்டுப் பட்டையாகச் செதுக்கிய நாலு தூண்கள். இரும்பு மரம் என்று சொல்கிறார்களாம். தண்ணீரில் போட்டால் மிதக்காமல் முங்கிவிடும், கரையான் தொடாது. இவ்வளவு பலமாகக் கட்டி யாருக்கு ஆயிற்று என்று நினைத்தேன். ஸுஜூதில் நெற்றி தரையில் பட்டபோது, வாப்பா திரைக்கு அந்தப் பக்கம் தொழுதிருப்பார், இந்தப் பக்கம் அந்தப் பஞ்சார்க்காரி தொழுதிருப்பாள் என்ற நினைப்பு வந்துவிட்டது. தொழுகை அதற்கப்புறம் நிலைக்கவில்லை.

வெளியே வந்தேன். பெரியவர் பின்பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். டிரைவர், "ரம்புத்தான் மரத்துக்குக் கீழதானாம்மா. அவரு தண்ணி எடுத்துட்டு வர்றாராம், நீங்க முன்னால போங்க" என்றார். கபர்ஸ்தானுக்குள் வரலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் முற்றத்திலேயே நின்றுகொண்டார். நான் மட்டும் போனேன்.

மரத்தடியில் இரண்டு கபர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எழுத்து எதிலும் இல்லை. மழையில் அழிந்திருக்கலாம், இல்லாமலே இருந்திருக்கலாம். இரண்டிலும் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று இரண்டிரண்டு மீசான்கள், மரத்தில் செய்த அடையாளக் கட்டைகள்.

எங்கள் ஊரில் ஆணின் கபருக்கு இரண்டு மீசான் கல், பெண்ணுக்கு மூன்று. கபர்ஸ்தானுக்குள்ளும் பெண்கள் போவதில்லை என்றாலும், பஸ்ஸில் போகும்போது காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகப் பார்த்துப் பார்த்து இது மனதில் பதிந்த விஷயம். ஆகவே இரண்டுமே ஆண்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டில் எது வாப்பா என்பதுதான் கேள்வி. ஒன்றில் மீசான் உருண்டையாக, உலக்கை முனை மாதிரி இருந்தது. மற்றதில் தட்டையான பலகை. மேலே கொடியும் பூவுமாகச் செதுக்கியிருந்தார்கள். உருண்டை யாரோ கூலிக்காரர், பலகைதான் கடைக்காரர் என்று முடிவு செய்தேன். தாலுகா ஆபீசில் எல்லைக் கல்லைப் பார்த்துப் பார்த்து, கல்லைக் கண்டாலே தீர்ப்புச் சொல்கிற பழக்கம் எனக்கு.

பலகை மீசான் பக்கம் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினேன். ஓதி முடித்ததும், சத்தமாகவே சொன்னேன். "வாப்பா, நான் உங்க மக வந்திருக்கேன். உம்மா உங்களப் பொறுத்துட்டாங்க. உம்மா சொல்லச் சொன்னாங்க." மூன்று தடவை சொன்னேன். இரண்டாவது தடவையிலேயே அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்குவதில்லை, வாய்விட்டு. அந்தப் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அந்த ஈர மண்ணில் உட்கார்ந்து, ஐம்பது வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். உம்மாவுக்காகவும் அழுதேன், எனக்காகவும் அழுதேன். அழுது முடித்தபோது உடம்பு காய்ச்சல் விட்ட மாதிரி லேசாக இருந்தது.

பெரியவர் வாளியோடு வந்தார். கூடவே டிரைவரும் வந்தார். நான் அழுவதைக் கேட்டிருக்க வேண்டும். பெரியவர் என்னைக் கடந்து போய், உருண்டை மீசான் இருந்த கபரின் மேல் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார். "அது இல்லை, இது" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டிரைவரிடம் மெதுவாகச் சொன்னார்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, இந்த ஊர்ல ஆம்பளைக்கு உருண்டை, பொம்பளைக்குத் தட்டையாம். உங்கப்பா இதும்மா. நீங்க உக்காந்திருக்கறது... அவரோட வீட்டம்மாவாம்."

"அவரோட வீட்டம்மா பத்தமடையில இருக்காங்க" என்றேன். "அவங்களுக்கு எண்பத்தொரு வயசாவுது."

டிரைவர் இதை மொழிபெயர்க்கவில்லை. நல்ல மனுஷர்.

பெரியவர் தானாகவே இன்னும் கொஞ்சம் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் இல்லை. வாப்பா போன பிறகு வேறு நிக்காஹ் செய்துகொள்ளவில்லை. கண் தெரிகிற வரைக்கும் இந்தப் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கினாள். வியாழக்கிழமை தவறாமல் இந்த மரத்தடியில் உட்கார்ந்து யாசீன் ஓதினாள். இந்த இடத்தை அவளே கேட்டு வாங்கினாள். இதையெல்லாம் அவர் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். உம்மாவும் வேறு நிக்காஹ் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு உட்கார்ந்து ஓத ஒரு மரத்தடி கிடைக்கவில்லை.

ஐம்பது வருஷம் உம்மா யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த வார்த்தையை, எவளை நினைத்துக் கொடுக்காமல் வைத்திருந்தாளோ அவளிடமே கொடுத்துவிட்டேன். அதுவும் மூன்று தடவை. அவ்வளவு நேரமும் என் முதுகு வாப்பா பக்கம் இருந்திருக்கிறது.

பெரியவர் வாளியை என்னிடம் நீட்டினார். மீதித் தண்ணீரை வாப்பாவின் கபர் மேல் ஊற்றினேன். உலர்ந்த சருகுகள் கொஞ்சம் நகர்ந்தன. இரண்டு பேரும் தள்ளிப் போய் நின்றார்கள். நான் சொல்வதற்காகத்தான் நின்றார்கள். வாயைத் திறந்தேன். "உம்மா" என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

வராதது அழுது தீர்த்துவிட்டதனால் அல்ல. கோபத்தினால். வாரிசுச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களிடம், "வேற குடும்பம் உண்டா? ஒளிக்காம சொல்லுங்க" என்று எத்தனை நூறு பேரிடம் கேட்டிருப்பேன். அவர்கள் கூனிக் குறுகிப் போவார்கள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன், எனக்கு ஒன்றும் இல்லாதது போல. இங்கே இரண்டு கபரும் ஒரு முழ இடைவெளியில் ஜோடியாகக் கிடந்தன. இந்த ஜோடிக்கு நான் கடல் தாண்டி வந்து மன்னிப்பு வேறு கொடுக்க வேண்டுமா என்று தோன்றியது. உம்மாவின் வார்த்தை அது, என்னுடையது இல்லை, நான் வெறும் தபால்காரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாளியைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன்.

காரில் ஏறிய பிறகு டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "அங்கயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. திருப்பவா? அஞ்சு நிமிஷம்தான்."

"மழை வருது" என்றேன். இரண்டு சொட்டு விழுந்திருந்தது.

ஊருக்கு வந்து சேர்ந்த அன்று பகல், பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, உம்மா கூப்பிட்டாள். என்னைத் தவிர வேறு யாரும் அறையில் இருக்க வேண்டாம் என்று கை காட்டினாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"எத்தன தடவ?"

"மூணு."

"சத்தமாவா, மனசுக்குள்ளயா?"

"சத்தமாத்தான் உம்மா."

ஒரு பதிலிலும் பொய் இல்லை. ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவளுக்கு இப்படிப் பதில் சொல்ல யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "மீசான் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். மரப்பலகை என்றேன். கொடியும் பூவுமாக வேலைப்பாடு என்றேன். அவள் முகம் விரிந்தது. "நல்லாத்தான் வச்சிருக்காங்க. அவருக்குப் பூ வேலன்னா பிரியம்" என்றாள்.

பிறகு பைய என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவ கபரும் அங்கனதான் கெடக்கா?"

"தெரியல உம்மா."

"கெடந்தா கெடக்கட்டும். அவளுக்கு நான் ஒண்ணும் சொல்லி விடல்ல, என்னா? அது வேற."

"சரி" என்றேன்.

அன்றைக்கு உம்மா இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "என் பாரம் எறங்கிட்டு" என்று சொன்னாளாம். அந்தப் பெண் அதை என்னிடம் சந்தோஷமாக வந்து சொன்னாள். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

பத்து நாள் கழிந்திருக்கும். உம்மாவுக்குக் கால் வீங்கி, பேச்சு குறைந்துவிட்டது. நான் பாதத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். திடீரென்று கண்ணைத் திறந்து, "நீ சொன்னியா?" என்றாள்.

"அதான் மூணு தடவ சொன்னேன்னு சொன்னேன்லா."

"எனக்கு இல்ல ளா. உனக்கு. அவரு உன்னையும்தானே விட்டுட்டுப் போனாரு."

அதற்கு மட்டும் எனக்குப் பொய் வரவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அம்பது வருஷம் ஆச்சு" என்றாள். "உனக்கு அவ்வளவு நாள் கெடையாது. வயசு அறுபத்திரெண்டு ஆவுது."

உம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. மறுபடி டிக்கெட் போடவா என்று மகன் இரண்டு தடவை கேட்டுவிட்டான். முட்டுவலி என்று சொல்லியிருக்கிறேன். முட்டில் ஒன்றும் இல்லை.